எஞ்சினுக்கு ஏற்ற நெய்யரி

மாணாக்கரின் இயல்புகளை வகுத்துரைத்த நன்னூலார் பவணந்தி முனிவர், நெய்யரியைக் கடை மாணாக்கருக்கு உவமையாக்கினார். நெய்யரி என்பது பன்னாடை. உருக்கிய நெய்யை அதில் ஊற்றினால் நல்ல நெய் கீழே இறங்கிவிடும். கசடு மட்டும் அதில் தங்கும். நல்லதை விட்டு அல்லதைப் பற்றிக்கொள்ளும் மாணவனுக்கு இது பொருத்தமான உவமை என்பதைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். ஆனால், மாணவனிடத்தில் இழுக்காகும் இக்குணமே மோட்டார் காரின் எஞ்சினுக்குக் காவலாக அமைகின்றது. பட்டறைகளில் 'ஏர் பில்டர்' என்று வழங்கும் காற்று வடிகட்டி, காற்றை உள்ளே விட்டுத் தூசியைத் தன்னிடத்தே நிறுத்திக்கொள்ளும் ஒரு நெய்யரியே ஆகும்.

கிள்ளானில் உள்ள உதிரிப்பாகக் கடைகளில் இன்று ஒரே காருக்குப் பல வகை வடிகட்டிகள் கிடைக்கின்றன. கார் செய்த நிறுவனத்தின் முத்திரையோடு வருவது ஒன்று. பிற நிறுவனங்கள் செய்து விற்கும் காகித வடிகட்டி மற்றொன்று. கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று விற்கப்படும் பருத்தி வலை வடிகட்டி வேறொன்று. எதை வாங்குவது என்னும் கேள்வி சிறிதாகத் தோன்றும். ஆயினும் அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் கசப்பான பாடம் ஒன்று இந்நாட்டுப் போர்க் காலத்திலேயே கிடைத்தது.

காற்றை உண்ணும் பொறி

கார் பெட்ரோலைக் குடிக்கின்றது என்பர். உண்மையில் அது பெட்ரோலைவிடக் காற்றையே மிகுதியாக உட்கொள்கின்றது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அளவில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று தேவைப்படும். அக்காற்றோடு தெருப் புழுதியும் உள்ளே செல்ல முயலும். புழுதியிலுள்ள குவார்ட்ஸ் என்னும் மணற்பொருள் இரும்பினும் கடினமானது. அது எஞ்சின் எண்ணெயோடு கலந்தால் சாணைப் பசை போலாகிச் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் சிறிது சிறிதாகத் தேய்த்துவிடும்.

ஆகவே வடிகட்டிக்குக் கடமைகள் இரண்டு. தூசியை நிறுத்த வேண்டும். காற்றைத் தடையின்றி விடவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. துளை நுண்ணியதானால் தூசி நிற்கும்; ஆனால் காற்று திணறும். துளை பெரிதானால் காற்று தாராளமாகச் செல்லும். தூசியும் உடன் செல்லும். வடிகட்டியின் வரலாறு முழுவதும் இம்முரணைத் தீர்க்க முயன்ற வரலாறே.

எண்ணெய்த் தொட்டிக் காலம்

1908இல் வெளிவந்த போர்டு 'மாடல் டி' கார் தொழிற்சாலையிலிருந்து காற்று வடிகட்டி இன்றியே வந்தது. வடிகட்டியின் தேவையை முதலில் வற்புறுத்தியது நகரத்துத் தெருவன்று, உழவு நிலமே. டிராக்டர் தான் எழுப்பிய புழுதியைத் தானே உண்டு விரைவில் தேய்ந்தது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த பிராங்க் டொனால்ட்சன் என்பவர் 1915இல் டிராக்டருக்கென ஒரு வடிகட்டியைச் செய்தார். அவர் பெயரால் அமைந்த நிறுவனம் இன்றும் வடிகட்டிகளைச் செய்து வருகின்றது.

பின்னர் எண்ணெய்த் தொட்டி வடிகட்டி பரவியது. உள்ளே வரும் காற்றை ஒரு சிறு தொட்டியிலுள்ள எண்ணெயின் மேல் திருப்பிவிட்டால், கனமான தூசி எண்ணெயில் படியும். எஞ்சியது எண்ணெய் நனைத்த கம்பி வலையில் ஒட்டிக்கொள்ளும். 1948இல் பிறந்த லேண்ட்ரோவர் வண்டியிலும், அக்காலத்துப் பெர்குசன் டிராக்டரிலும் இவ்வகையே இருந்தது. செம்மண் சாலைகளில் ஓடும் தோட்ட வண்டிகளுக்கு இது ஏற்றதாயிற்று. அழுக்கு எண்ணெயைக் கொட்டிக் கழுவி, புதிய எண்ணெய் ஊற்றினால் போதும். கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறைந்து, நுண்ணிய தூசி தப்பிவிடும் என்பது இதன் குறை.

பாலைவனத்து வடிகட்டி மலாயாவுக்கு வந்த கதை

இரண்டாம் உலகப் போரில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்து மணல் போர் விமானங்களின் எஞ்சின்களை அரித்தது. எனவே பிரிட்டிஷ் விமானப் படையினர் ஹரிக்கேன், ஸ்பிட்பயர் விமானங்களின் மூக்கின் கீழ் 'வோக்ஸ்' என்னும் பெரிய வடிகட்டியைப் பொருத்தினர். எஞ்சின் பிழைத்தது. ஆனால் அப்பெரிய கூடு காற்றை எதிர்த்ததாலும் எஞ்சினுக்குச் செல்லும் காற்றைக் குறைத்ததாலும் விமானத்தின் வேகமும் மேலேறும் விரைவும் குன்றின.

1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்கு மாறியது. இரண்டு நாள் கழித்து, 13ஆம் நாள், பெட்டிகளில் அடைக்கப்பட்ட 51 ஹரிக்கேன் விமானங்கள் சிங்கப்பூரில் வந்திறங்கின. அவை மத்திய கிழக்கிற்கெனப் புறப்பட்டு வழியில் திருப்பிவிடப்பட்டவை. ஆகையால் பாலைவன வடிகட்டியோடு வந்தன. மணற்புயல் வீசாத, மழை ஓயாத நாட்டில் அவ்வடிகட்டி காத்தது சிறிது, கெடுத்தது பெரிது. இலேசான உடலும் எளிதில் திரும்பும் ஆற்றலும் கொண்ட ஜப்பானிய விமானங்களின் முன், வேகமே ஹரிக்கேனின் துணையாயிருக்க வேண்டும். அந்த வேகத்தை வடிகட்டி தின்றது. எடையைக் குறைக்கும் பொருட்டுச் சில விமானங்களிலிருந்து துப்பாக்கிகள் சிலவற்றையும் கழற்ற நேர்ந்தது.

சிங்கப்பூர் வீழ்ந்ததற்கு வடிகட்டியே காரணம் என்று கூறுவது மிகையாகும். விமானங்கள் சில, எதிரிகள் பலர், முன்னெச்சரிக்கையோ போதாது. ஆயினும், ஓரிடத்துக்கு உகந்த கருவி மற்றோரிடத்தில் சுமையாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பிப்ரவரி 15ஆம் நாள் சரணாகதி கையெழுத்தானது புக்கிட் தீமாவிலிருந்த போர்டு கார்த் தொழிற்சாலையில் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இம்முரணுக்குப் பின்னர் ஒரு தீர்வு காணப்பட்டது. 1942இல் எகிப்தின் அபுகீர் பணிமனையில், வோக்ஸைவிடச் சிறிய வடிகட்டி ஒன்றைச் செய்தனர். அடுத்து வந்த ஸ்பிட்பயர் வகைகளில், புழுதி மிக்க தரையருகே வடிகட்டி வழியாகவும், தூய மேல் வானில் நேராகவும் காற்றை இழுக்குமாறு அமைத்தனர். எங்கே தூசி உண்டோ அங்கே வடிகட்டி என்பதே அத்தீர்வின் கருத்து.

காகிதமும் பருத்தியும்

போருக்குப் பின் கார்களில் எண்ணெய்த் தொட்டி மெல்ல மறைந்து, மடிப்புக் காகித வடிகட்டி இடம் பிடித்தது. 1967இல் பத்து தீகாவில் வோல்வோ கார்களைப் பூட்டத் தொடங்கினர். 1985இல் ஷா ஆலமிலிருந்து புரோட்டோன் சாகா வெளிவந்தது. உள்நாட்டுக் கார் பெருகவே, அதற்கான மாற்று உதிரிப்பாகங்களும் கடைகளில் பெருகின. காகித வடிகட்டியில் ஒரு விந்தை உண்டு. அதன்மேல் படியும் தூசியே மேலும் ஒரு வடிகட்டியாகி, அடுத்து வரும் தூசியைத் தடுக்கின்றது. ஆகவே சற்று அழுக்கேறிய காகிதம் புதியதினும் நன்றாக அரிக்கும். முற்றும் அடைபட்ட பின்னரே அது எஞ்சினைத் திணறச் செய்யும்.

1969இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கிய 'கே அண்டு என்' நிறுவனம், எண்ணெய் தடவிய பருத்தி வலை வடிகட்டியைப் புகழ்பெறச் செய்தது. பந்தய வண்டிக்குக் காற்றே முதன்மை. எஞ்சினை அடிக்கடி பிரித்துப் புதுப்பிப்பர். அன்றாடம் வேலைக்குச் செல்லும் காருக்கோ எஞ்சின் பல்லாண்டு உழைத்தாக வேண்டும். பந்தயக் களத்தின் அளவுகோலை அங்கே கொண்டு செல்வது, பாலைவன வடிகட்டியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்ததற்கு நேரெதிரான பிழையாகக்கூடும்.

புகைமூட்டம் தந்த குழப்பம்

2005 ஆகஸ்ட் 11ஆம் நாள், காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியதால், கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாளில், எஞ்சினின் வடிகட்டியை மாற்றினால் காருக்குள் இருப்பவரின் மூச்சும் தூய்மையாகும் என்று கருதுவோர் உண்டு. இது தவறு. எஞ்சின் வடிகட்டி எஞ்சினுக்கு மட்டுமே உரியது. உள்ளிருப்போர் மூச்சைக் காப்பது, குளிர்சாதனப் பாதையிலுள்ள வேறொரு வடிகட்டி. புகைத்துகள் மிக நுண்ணியது. எஞ்சினுக்குப் பெரும்பகை அதனினும் பருத்த மண்தூசியே.

தேர்வு செய்யும் முறை

காற்று வடிகட்டிகளைச் சோதிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் உலகத் தரமுறை உள்ளது. எவ்வளவு தூசியை நிறுத்துகின்றது, காற்றுக்கு எவ்வளவு தடை செய்கின்றது, அடைபடுமுன் எவ்வளவு தூசியைத் தாங்குகின்றது என்னும் மூன்றையும் அது அளக்கின்றது. விற்பவர் காற்றோட்டத்தை மட்டும் புகழ்ந்தால், மற்ற இரண்டையும் கேட்பது வாங்குவோர் கடமை. நான்காவதாக, பொருத்தம் வேண்டும். விளிம்பு ரப்பர் பெட்டியோடு நன்கு ஒட்டாவிடில், அவ்விடைவெளி வழியே தூசி புகுந்துவிடும். எத்துணைச் சிறந்த காகிதமும் பயன்படாது. பருத்தி வலையை வாங்குவோர், கழுவியபின் அளவாக எண்ணெய் தடவவும் ஒருப்பட வேண்டும். குறைந்தால் தூசி நுழையும். மிகுந்தால் காற்றை அளக்கும் உணர்கருவியில் எண்ணெய் படியக்கூடும்.

புதிய வடிகட்டியால் பெட்ரோல் பெரிதும் மிச்சமாகும் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் நடத்திய சோதனையில், கணினியால் இயங்கும் இக்காலக் கார்களில் அடைபட்ட வடிகட்டியால் எரிபொருட் செலவு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. வேகமெடுக்கும் ஆற்றலே குறைந்தது. எனவே வடிகட்டிக்குக் கொடுக்கும் பணம் எஞ்சினின் ஆயுளுக்குக் கொடுப்பதே.

தார்ச்சாலையில் மட்டும் ஓடும் நகரத்துக் காருக்கு, பொருத்தமான நல்ல காகித வடிகட்டி போதும். அது எந்த நிறுவனத்தினதாயினும் ஆகலாம். கட்டடப் பணி நடக்கும் இடங்களிலும் தோட்டத்துச் செம்மண் பாதைகளிலும் செல்லும் வண்டிக்கும் அதுவே வேண்டும். ஆனால் அதை அடிக்கடி திறந்து பார்த்து, குறித்த காலத்துக்கு முன்னரே மாற்ற வேண்டும். வண்டி ஓடும் வழியில் எழும் தூசி எத்தகையது என்பதை முதலில் நோக்கி, அதன் பிறகே கடைப் பலகையிலுள்ள பெட்டிகளை நோக்குவது அறிவுடைமை. 1942இல் அந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. அதன் விலையை விமானிகள் கொடுத்தனர்.