கள்ளுக்கடைக்குச் சட்டம், கோயிலுக்குச் சம்மதம்

1937 அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை. அன்று முதல் சேலம் மாவட்டத்தில் கள்ளும் சாராயமும் விற்கக் கூடாது, குடிக்கக் கூடாது என்று சட்டம் அமலுக்கு வந்தது. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராகப் பதவியேற்று (மாகாணத் தலைமை அமைச்சரை அப்போது அப்படித்தான் சொன்னார்கள்) மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மாகாணத்தில் வேறெந்த மாவட்டத்திலும் கடை மூடப்படவில்லை. முதல் சோதனை சேலத்துக்குத்தான்.

சேலம் என்றதும் இன்றைய மாவட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. தர்மபுரி தனியாகப் பிரிந்தது 1965-ல், கிருஷ்ணகிரி 2004-ல். அதற்கு முன்னால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி எல்லாமே சேலம்தான். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைப்பாதையில் இருக்கிற நாட்றாம்பாளையமும் அதன் கடைக்கோடி ஊர்களில் ஒன்று. இந்தப் பக்கத்தில் காட்டைக் கடந்தால் காவிரி. அக்கரை அப்போது கொள்ளேகால் தாலுகா. இன்று கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆக 1937-ல் இக்கரையும் அக்கரையும் ஒரே அரசு, ஒரே சட்டமன்றம், ஒரே ராஜாஜி. இக்கரையில் குடித்தால் குற்றம். அக்கரையில் கடை திறந்திருக்கும். வடமேற்கே கனகபுரா பக்கம் போனால் மைசூர் சமஸ்தானம். அங்கே இந்தச் சட்டத்துக்கு வேலையே இல்லை.

கொரியாவைப் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து "நம்ம ஊருக்கு எப்போது வருவீர்கள்?" என்று கேட்கிற வாசகர்களுக்காக இந்த வாரம் இங்கிருந்து தொடங்கியிருக்கிறேன். கொரியாவும் வரும். மதம் அரசியலுக்குள் நுழைந்தால் சமூகத்தில் எது மாறும், எது மாறாது என்பதுதானே நாம் பார்த்துவரும் விஷயம். அதைப் பழைய சேலம் மாவட்டத்தில் 1937 முதல் 1939 வரை நடந்ததைவிடத் துல்லியமாகக் காட்டும் இடம் நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் கள். சேலம் சமவெளியில் பனையும் தென்னையும் உண்டு. ஓசூர் மேட்டுப்பகுதியில் ஓடைக்கரை முழுக்க ஈச்சமரம். பனையிலும் தென்னையிலும் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். ஈச்சமரத்தில் அந்த வேலை கிடையாது. உச்சிக்குக் கீழே தண்டின் ஒரு பக்கத்து மட்டைகளைக் கழித்து, இளந்தண்டைச் செதுக்கி, வடிவதைக் கலயத்தில் பிடிப்பார்கள். அடுத்த பருவத்தில் எதிர்ப்பக்கம் செதுக்குவார்கள். வயதான ஈச்சமரத்தின் தண்டு இடமும் வலமும் வெட்டுப்பட்டு நெளிந்து நிற்பது அதனால்தான். எத்தனை பருவம் இறக்கினார்கள் என்று மரத்தைப் பார்த்தே எண்ணிவிடலாம். ஒவ்வொரு மரத்துக்கும் மரவரி உண்டு. கடைகள் ஏலத்தில் போகும். அப்காரி (மதுத் தீர்வை) வருமானம் மாகாண கஜானாவின் பெரிய தூண்களில் ஒன்று. வெள்ளைக்காரன் குடியை வளர்த்தான் என்று காங்கிரஸ்காரர்கள் மேடையில் பேசியதற்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

ராஜாஜிக்கு இந்தப் பகுதி புதிதல்ல. 1878-ல் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். அப்பா அந்த ஊர் முன்சீப். ஓசூரில் பள்ளி, பெங்களூரில் கல்லூரி, பிறகு சேலத்தில் வக்கீல். 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு மூன்றும் அங்கே ஒரே வேலைதான். மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். பெயரைக் கவனியுங்கள், பக்தர்கள் சாமியிடம் கேட்கிற விஷயம் அது. குடியை அவர் பொருளாதாரக் கேடாக மட்டும் பார்க்கவில்லை, பாவமாகப் பார்த்தார். 1937-ல் சேலத்துக் கிராமங்களில் மதுவிலக்குப் பிரசாரம் பஜனையும் நாடகமுமாகப் போனதில் வியப்பில்லை.

இதே மாவட்டத்து மண்ணில்தான், 1921-ல், தாதம்பட்டித் தோப்பில் இருந்த தம் தென்னைகளைக் கள்ளுக்கு விட மாட்டேன் என்று பெரியார் வெட்டிச் சாய்த்தார். சுமார் 500 மரம் என்று சொல்வார்கள். பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவரும் அவரேதான். தன் மரத்தைத் தானே வெட்டுவதும், அடுத்தவர் கலயத்தை அரசு உடைப்பதும் அவருக்கு வேறு வேறாகத் தெரிந்திருக்கின்றன. எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

இப்போது பியாங்யாங் போவோம். 1883-ல் பிறந்த சோ மன் சிக் இளவயதில் துணி வியாபாரி, நன்றாகவே குடிப்பவர். 22 வயதையொட்டிக் கிறிஸ்தவரானார். மிஷனரிகள் நடத்திய சூங்சில் பள்ளியில் சேர்ந்தபோது குடியை விட்டார். கொரியப் புராட்டஸ்டன்ட் சபைகளில் ஞானஸ்நானத்துக்கு வருகிறவர் குடியைவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். பிறகு ஜப்பானில் சட்டம் படித்தார். காந்தியைப் பற்றிப் படித்தது அங்கேதான். திரும்பிவந்து ஓசான் பள்ளியில் ஆசிரியர், தலைமையாசிரியர். 1919 மார்ச் 1 விடுதலை எழுச்சியில் சிறை. அந்த எழுச்சியின் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் 16 பேர் கிறிஸ்தவர்கள், 15 பேர் சொந்த மண்ணில் பிறந்த சொந்தோக்யோ மதத்தினர், இரண்டு பேர் பௌத்தத் துறவிகள் என்பதை முன்பே பார்த்தோம். அன்றைய கொரியாவில் கிறிஸ்தவர்கள் மிகச் சிறிய சிறுபான்மை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1920-களில் சோ மன் சிக் தொடங்கியது நம் சுதேசி இயக்கத்தின் சகோதரன்: கொரியப் பொருள்களையே வாங்குங்கள், ஜப்பான் துணியை விடுங்கள், மதுவையும் புகையிலையையும் விடுங்கள். அவரே உள்ளூர் முரட்டுப் பருத்தியில் மேலங்கியைத் துணி மிச்சமாகும்படி குட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். 'கொரியாவின் காந்தி' என்று பெயர் வந்தது. ஆனால் அவர் கையில் அரசு இல்லை, போலீஸ் இல்லை. இரண்டும் ஜப்பான்காரர்களிடம் இருந்தன. அவர் செய்ய முடிந்ததெல்லாம் சபையில் எழுந்து நின்று கேட்டுக்கொள்வது மட்டுமே. கேட்டவர்கள் விட்டார்கள், கேட்காதவர்கள் குடித்தார்கள். இன்றும் தென்கொரியாவில் சோஜு என்கிற சாராயம் ஆறாக ஓடுகிறது. அலுவலக விருந்தில் கோப்பையைத் தொடாதவரைப் பார்த்தால் 'சர்ச்சுக்குப் போகிறவரா?' என்று கேட்கும் வழக்கமும் கூடவே இருக்கிறது.

ராஜாஜியிடம் அரசு இருந்தது. அதனால் கேட்க வேண்டியிருக்கவில்லை. கள் இறக்குகிறவர்களில் சிலர் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்க உரிமம் பெற்று வெல்லம் காய்ச்சப் போனார்கள். மற்றவர்கள் கூலிக்குப் போனார்கள். மதுவிலக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று நீண்டது. அரசுக்கு விழுந்த துண்டை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவிலேயே முதல் முறை. (மதுவை ஒழிப்பதற்காகப் பிறந்த வரி, பின்னாளில் மது பாட்டில் மீதே ஏறி உட்கார்ந்தது. நிதித்துறையின் நகைச்சுவை உணர்வைக் குறைத்து மதிப்பிட முடியாது.)

இதே மூன்று ஆண்டுகளில் இன்னொரு கதவு. தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா, கோயில் நுழைவு மசோதா ஒன்றை 1938-ல் சட்டமன்றத்துக்குக் கொண்டுவந்தார். பொதுக் கிணறு, சாலை போன்றவற்றில் தடையை நீக்கும் அவருடைய இன்னொரு மசோதாவை ராஜாஜி ஆதரித்தார், அது சட்டமானது. கோயில் என்று வந்ததும் மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னார். மாகாணம் முழுவதற்கும் வேண்டாம், முதலில் மலபாரில் பார்ப்போம் என்றார். அதே ஆண்டு வந்த மலபார் ஆலயப் பிரவேசச் சட்டப்படி, ஒரு கோயில் திறக்க வேண்டுமானால் ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருக்கும் சாதி இந்துக்களிடம் வாக்கெடுக்க வேண்டும். வெளியே நிற்பவருக்கு அதில் வாக்கு இல்லை.

இதுதான் என்னை உறுத்துவது. கலயம் கட்டுகிறவரிடமும் கூலி முடிந்து ஒரு மொந்தை குடிக்கிறவரிடமும் யாரும் வாக்கெடுக்கவில்லை. கோயிலுக்குள் இருந்தவரிடம் மட்டும் சம்மதம் கேட்கப்பட்டது. இரண்டையும் கொண்டுவந்தவர் ஒரே மனிதர், தீண்டாமையை மனதார வெறுத்தவர், அதற்காகச் சொந்தச் சாதியின் வசையை வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஏழையின் பழக்கத்தைத் திருத்தச் சட்டம், மேல்சாதியின் பழக்கத்தைத் திருத்தப் பொறுமை! அந்தக் காலத்துச் சீர்திருத்தம் முழுவதிலும் இந்தக் கோணல் உண்டு.

1939 ஜூலை 8-ல் மதுரையில் வைத்தியநாத ஐயர் பொறுமையைக் கொஞ்சம் உடைத்தார். கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோர் சிலரையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை. பட்டர்களில் ஒரு பகுதியினர் பூஜைக்கு வர மறுத்தார்கள். வழக்கு பாயும் என்ற நிலையில், உள்ளே போனவர்களையும் அழைத்துப் போனவர்களையும் காக்க ராஜாஜி அவசரச் சட்டம் பிறப்பித்தார், அது பிறகு சட்டமானது. தயங்கிய மனிதர் ஆள் கிடைத்ததும் தயங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொரியாவின் கதவுக் கதை இதற்கும் 44 ஆண்டு மூத்தது. அங்கே கசாப்புத் தொழில் செய்கிற பேக்ஜோங் மக்கள் ஊருக்கு வெளியே வாழ்ந்தார்கள். வளர்ந்த ஆண் எவனும் அணிகிற குதிரைமயிர்த் தொப்பியை அவர்கள் அணியக் கூடாது. சியோலில் சாமுவேல் மூர் என்ற மிஷனரியின் சபைக்கு வந்த பாக் சொங் சுன் அந்தச் சாதி. அவர் காய்ச்சலில் கிடந்தபோது, மூர் அழைத்துவந்த ஆலிவர் அவிசன் வைத்தியம் பார்த்தார். அவிசன் அரசரின் மருத்துவர். அரசர் நாடியைப் பிடித்த கை கசாப்புக்காரர் நாடியையும் பிடித்தது. 1895-ல் பாக் ஞானஸ்நானம் பெற்றார். பெருங்குடியினர், இவனோடு ஒரே கூடத்தில் உட்கார மாட்டோம் என்று பிரிந்துபோய்த் தனிச் சபை வைத்தார்கள். மூர் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை, போகட்டும் என்று விட்டார். மூன்று ஆண்டு கழித்து இரு சபைகளும் மீண்டும் ஒன்றாயின. 1911-ல் பாக் அந்தச் சபையின் மூப்பர். அவர் மகன், நாட்டின் முதல் மேல்நாட்டு மருத்துவப் பட்டதாரிகள் ஏழு பேரில் ஒருவர். சபைக்கு வெளியே இருந்த பேக்ஜோங் மக்கள் 1923-ல் ஜின்ஜு நகரில் தங்களுக்கென்று சமத்துவச் சங்கம் தொடங்கிப் போராட வேண்டியிருந்தது, அது வேறு அத்தியாயம்.

நம் இரண்டு கதவுகளும் என்ன ஆயின? மதுவிலக்கு உலகப் போர்க் காலத்தில் கவர்னர் ஆட்சியில் நிறுத்தப்பட்டது, ஓமந்தூரார் காலத்தில் 1948 அக்டோபரில் மாகாணம் முழுவதும் விரிந்தது, 1971-ல் கருணாநிதி ஆட்சியில் தளர்ந்தது. 92 வயது ராஜாஜி நேரில் போய் வேண்டாம் என்று கேட்டும் பயனில்லை. 1974-ல் மீண்டும் விலக்கு, பிறகு மீண்டும் தளர்வு. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறைக் கடையையே அரசு எடுத்துக்கொண்டது. கோயில் நுழைவோ 1947 சட்டத்தில் உரிமையாகி, அரசியல் சட்டத்திலும் ஏறி, எந்த ஆட்சியிலும் பின்வாங்கவில்லை. கஜானா அந்தக் கதவில் எதையும் இழக்கவில்லை என்பது ஒரு காரணம். உள்ளே போனவர்கள் வெளியே வரத் தயாராக இல்லை என்பது பெரிய காரணம். ஆனால் சட்டம் திறந்ததை ஊர் திறந்துவிடவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு முதல் முறையாகப் போனது 2023 ஜனவரி 30-ல்.

நாட்றாம்பாளையத்து மலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவது குற்றம், ஈச்சங்கள்ளும் அதில் அடக்கம். ஆலையில் வடித்த பிராந்தியை அரசே விற்கிறது. அதைவிட மலிவான கர்நாடக மதுப் பாக்கெட் அஞ்செட்டி, தளி வழியாக வந்து பிடிபடும் செய்தி உள்ளூர்ப் பக்கத்தில் அடிக்கடி வரும். 1937-ல் காவிரிக்கு அக்கரையிலும் கனகபுரா பக்கமும் திறந்திருந்த கடைகளுக்கு ஆள் நடந்து போனார்கள். இப்போது சரக்கே வருகிறது.

சோ மன் சிக் என்ன ஆனார்? 1945-ல் ஜப்பான் வெளியேறியதும் பியாங்யாங்கின் நிர்வாகம் அவரிடம் வந்தது. நான்கைந்து மாதம்தான். வல்லரசுகளின் பொறுப்பாட்சித் திட்டத்தை ஏற்க மறுத்ததால் 1946 ஜனவரியில் சோவியத் ராணுவம் அவரை ஒரு ஓட்டலில் காவலில் வைத்தது. சீடர்கள் தெற்கே தப்பிப் போகச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். 1950 அக்டோபரில் கொல்லப்பட்டதாக நம்பப்படுகிறது. வடக்கிலிருந்து தெற்கே ஓடிவந்தவர்களில் கிறிஸ்தவர்கள் ஏராளம். அவர்கள் சியோலில் கட்டிய சபைகள் எந்த அரசியலின் பக்கம் நின்றன, ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பேசிய பாதிரிகளோடு ஏன் மோதின என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)