சிசரோவைத் தேடிய பெத்ரார்க்

ஓர் ஆசிரியரின் நூலொன்று உள்ளத்தைக் கவர்ந்துவிட்டால், அவர் இயற்றிய ஏனைய நூல்களையும் தேடிப் படித்தல் வேண்டும் என்னும் வேட்கை எழுதல் இயல்பு. அச்சியந்திரம் தோன்றிய பின் வாழ்வோர்க்கு அவ்வேட்கையைத் தணித்துக்கொள்ளுதல் பெரிதும் எளிது. நூல்கள் யாவும் கையாற் படியெடுக்கப்பட்ட காலத்திலோ, அஃது ஒரு வாழ்நாளையே விழுங்கத்தக்க முயற்சியாக இருந்தது. அம்முயற்சியில் தம்மை ஒப்படைத்தவர்களுள் தலையாயவர் இத்தாலியக் கவிஞராகிய பிரான்செஸ்கோ பெத்ரார்க். அவர் தேடிய ஆசிரியரோ, அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ 1,350 ஆண்டுகளுக்கு முன்னரே மாண்டுபோன உரோம நாவலர் சிசரோ.

பெத்ரார்க் 1304ஆம் ஆண்டில் அரெஸ்ஸோ நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் நொத்தாரிசுத் தொழில் புரிந்தவர். அரசியற் பிணக்கினாற் புளோரன்சு நகரிலிருந்து நாடுகடத்தப்பட்டவர். பாப்பரசரின் ஆட்சிமன்றம் அக்காலத்திற் பிரான்சு நாட்டின் அவிஞோன் நகரில் இருந்தமையால், தொழில் நாடி அக்குடும்பம் அங்கே சென்றது. தந்தையார் சிசரோவை விரும்பிப் படிப்பவர். சிறுவனாகிய பெத்ரார்க்குக்குச் சிசரோவின் சொற்கள் உணர்த்தும் பொருள் விளங்கவில்லை. ஆயினும் அவற்றின் ஓசையினிமை ஒன்றே அவரைப் பிணித்துவிட்டது. மற்றைய நூல்கள் யாவும் அவர் செவிக்குக் கரடுமுரடாகத் தோன்றின.

மகன் சட்டம் பயின்று பொருளீட்டல் வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனோ மொம்பெலியேயிலும் பொலோஞாவிலும் சட்டம் பயில அனுப்பப்பட்டும், இலக்கிய நூல்களை ஒளித்துவைத்துப் படித்துவந்தார். ஒருநாள் தந்தையார் அவற்றைக் கண்டுபிடித்துத் தீயிலிட்டார். தன் உடலே எரிவது போல மைந்தன் கதறியழக் கண்டதும் அவர் மனம் இளகிற்று. கருகத் தொடங்கிய இரண்டு நூல்களை நெருப்பினின்றும் எடுத்து நீட்டினார். ஒன்று வேர்ஜில் என்னும் கவிஞரின் நூல். மற்றொன்று சிசரோவின் அணியியல் நூல். முன்னையதை ஓய்வுக்கும் பின்னையதைச் சட்டப் படிப்புக்கும் துணையாகக் கொள்ளுமாறு கூறினார் என்று பெத்ரார்க் தம் முதுமையில் எழுதிய கடிதமொன்றில் நினைவுகூர்கின்றார். தந்தையார் மறைந்ததும் சட்டப் படிப்பு நின்றது. சிசரோவைத் தேடும் வேட்டை தொடங்கிற்று.

இந்நூல்கள் எங்கே கிடந்தன? உரோமப் பேரரசு சிதைந்தபின், பழைய இலத்தீன் நூல்கள் பெரும்பாலும் கிறித்தவ மடங்களின் நூலகங்களிலும் பேராலயங்களின் பெட்டகங்களிலுமே எஞ்சியிருந்தன. சில நூல்களுக்கு ஐரோப்பா முழுவதிலும் ஒரு படியோ இரண்டு படிகளோதாம் இருந்தன. ஆகவே, வழிப்பயணத்திற் பழைய மடமொன்று தொலைவிற் கண்ணிற்பட்டால், அங்கே சிசரோவின் நூல் ஏதும் இருக்கலாமென்ற நப்பாசையுடன் பெத்ரார்க் வழிவிலகிச் செல்வார். வெளியூர் செல்லும் நண்பர்கள் தங்களுக்கு யாது வேண்டும் என்று வினவினால், சிசரோவின் நூல்களையன்றி வேறொன்றும் வேண்டேன் என்பார். இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின், பிரித்தானியா ஆகிய நாடுகளுக்கெல்லாம் குறிப்புகளையும் பணத்தையும் அனுப்பினார்.

1333ஆம் ஆண்டில் அவர் வட ஐரோப்பாவிற் பயணஞ் செய்தபொழுது, இலியேஜ் நகரிற் சிசரோவின் சொற்பொழிவுகள் இரண்டு அகப்பட்டன. ஒன்றை அவர் நண்பர் படியெடுத்தார். மற்றொன்றைத் தாமே எழுதிக்கொண்டார். அத்துணைப் பெரிய நகரில் எழுதுவதற்கு மை கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்த சிறிதளவும் குங்குமப்பூவைப் போல மஞ்சள் நிறமாய் இருந்தது என அவர் நகைச்சுவையோடு குறிப்பிடுகின்றார். அவ்வாறு கிடைத்தவற்றுள் ஒன்று, ஆர்க்கியாஸ் என்னும் கவிஞனின் குடியுரிமைக்காகச் சிசரோ வாதாடிய உரை. கவிதைக்கும் கல்விக்கும் அஃது ஒரு புகழ்மாலை. 1341ஆம் ஆண்டில் உரோமாபுரியில் முடிசூட்டப்பெற்ற வேளையிற் பெத்ரார்க் ஆற்றிய உரையில் அந்நூலின் பயன் தெளிவாகத் தெரிகின்றது.

கிடைத்தவற்றைக் கூறுமிடத்து இழந்ததையும் கூறுதல் வேண்டும். புகழைப் பற்றிச் சிசரோ இயற்றிய நூலொன்று தம்மிடம் இருந்ததாகப் பெத்ரார்க் எழுதுகின்றார். இளமையில் தமக்குக் கற்பித்த முதிய ஆசிரியர் வறுமையுற்றிருந்தமையால், அவர் கேட்ட ஏடுகளையெல்லாம் பெத்ரார்க் மறுக்காது கொடுத்துவந்தார். வறுமை மிகவே, ஆசிரியர் அந்த ஏட்டை அடகுவைத்துவிட்டார். யாரிடம் வைத்தார் என்பதைக் கூறினால் தாமே பணம் செலுத்தி மீட்பதாக மாணவர் மன்றாடியும், அது தமக்கு இழிவென்று கருதிய ஆசிரியர் வாய்திறக்கவில்லை. சொந்த ஊருக்குச் சென்ற அவர் அங்கேயே மாண்டார். ஏடும் அவரோடு மறைந்தது. இத்துணை இழப்புக்குப் பின்னும், அந்த ஆசிரியரைப் பற்றி எழுதுமிடத்துப் பெத்ரார்க்கின் சொற்களிற் சினத்தைக் காட்டிலும் இரக்கமே மிகுந்து நிற்கின்றது.

இத்தேடலின் உச்சம் 1345ஆம் ஆண்டில் வாய்த்தது. வெரோனா நகரப் பேராலய நூலகத்தில், சிசரோ தம் உயிர்நண்பர் அத்திக்கஸுக்கும், தம்பி குவின்துஸுக்கும், புரூட்டஸுக்கும் எழுதிய கடிதங்களின் தொகுதி பெத்ரார்க்கின் கைக்கு எட்டியது. உடல்நலங் குன்றியிருந்தும், அப்பெருந்தொகுதியைத் தம் கையாலேயே படியெடுத்தார். ஆனால், அக்கடிதங்களில் அவர் கண்ட சிசரோ வேறொருவர். அதுகாறும் அவர் அறிந்த சிசரோ அமைதியையும் அறத்தையும் போதித்த ஞானி. கடிதங்களிற் பேசுபவரோ பதவியை நாடுபவர். இன்று புகழ்ந்தவரை நாளை இகழ்பவர். முதுமையிலும் அரசியற் பூசலிற் புகுந்து அதனாலேயே உயிரிழந்தவர். பிறர் கண்ணிற் படுமென்று கருதாது நண்பருக்கு எழுதியவையாதலால், அவற்றில் மறைப்பு ஏதுமில்லை.

பெத்ரார்க் இதனைத் தாங்கமாட்டாதவராய், மாண்டுபோன சிசரோவுக்கே ஒரு கடிதம் வரைந்தார். பிறர்க்கு உரைத்த அறிவுரையைத் தாம் பின்பற்றாதது ஏன் என்று அதில் வினவுகின்றார். அதே ஆண்டின் இறுதியில் இரண்டாவது கடிதமும் எழுந்தது. தாம் குறை கண்டது வாழ்க்கையில். நாவன்மையிலன்று என்று அதிற் சமாதானங் கூறி, சிசரோவின் நூல்களுள் எவையெவை அழிந்துபோயின என்பதை அவரிடமே துயரத்தோடு தெரிவிக்கின்றார். அன்புக்குரிய ஆசிரியர் குறையுள்ள மனிதர் என்று அறிந்த பின்னும் அவர் தேடலைக் கைவிடவில்லை. தம் கடிதங்களையும் சிசரோவைப் போலவே தொகுத்து, 24 நூல்களாக வகுத்தார். அத்தொகுதியின் இறுதி நூலில் இவ்விரு கடிதங்களும் இடம்பெற்றன.

1359ஆம் ஆண்டில் நிகழ்ந்த சிறு விபத்தொன்றும் குறிப்பிடத்தக்கது. தாம் படியெடுத்த அப்பெருந்தொகுதியை அவர் நூலக வாயிலருகே நிறுத்தி வைத்திருந்தார். உள்ளே நுழைகையில் அங்கி அதிற் சிக்க, ஏடு சாய்ந்து இடக்காலிற் காயம் விளைத்தது. அவ்வாறே மீண்டும் மீண்டும் விழவே, புண் ஆறாது நெடுநாள் வருத்திற்று. வாழ்நாளெல்லாம் தாம் நேசித்த சிசரோ தம்மைக் காயப்படுத்தலாமோ என்று அவர் நண்பருக்கு விளையாட்டாக எழுதினார்.

1374ஆம் ஆண்டில் ஆர்குவா என்னும் சிற்றூரிற் பெத்ரார்க் காலமானார். அவர் மூட்டிய வேட்கை பிறரையும் பற்றிக்கொண்டது. சிசரோ தம் நண்பர் பலருக்கு எழுதிய மற்றொரு கடிதத் தொகுதியை 1392ஆம் ஆண்டில் கொலுச்சியோ சலுத்தாத்தி பெற்றார். 1421ஆம் ஆண்டில் லோடி நகரிற் சிசரோவின் நாவன்மை பற்றிய நூல்கள் முழுமையாக வெளிப்பட்டன. 1819ஆம் ஆண்டில் வத்திக்கான் நூலகத்தில், சுரண்டி மேலெழுதப்பட்ட பழைய தோலேடொன்றின் அடியெழுத்திலிருந்து, அரசியல் பற்றிய அவர் நூலின் பெரும்பகுதிகளை அஞ்செலோ மாய் மீட்டெடுத்தார். அந்நூல் அழிந்துபோனதென்று பெத்ரார்க் வருந்தியவற்றுள் ஒன்று.

வெரோனாவில் இருந்த மூலஏடும் பெத்ரார்க் எழுதிய படியும் இன்று இல்லை. எனினும், சலுத்தாத்திக்காக 1393ஆம் ஆண்டிற் படியெடுக்கப்பட்ட ஏடு புளோரன்சு நகரிற் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. சிசரோவின் கடிதத் தொகுதிகளில் இன்று 900க்கு மேற்பட்ட கடிதங்கள் படிக்கக் கிடைக்கின்றன. புனித அகுஸ்தீனாரின் உள்ளத்தை இளமையில் மெய்யறிவின்பால் திருப்பிய ‘ஹோர்த்தென்சியுஸ்’ என்னும் நூலோ, புகழைப் பற்றிய அந்த நூலோ இன்றுவரை முழுமையாகக் கிடைக்கவில்லை. சிசரோவை முற்றாகப் படித்து முடிக்கும் பேறு பெத்ரார்க்குக்கும் வாய்க்கவில்லை. அவருக்குப் பின் வந்தோர்க்கும் வாய்க்கவில்லை. எனினும், இன்று சிசரோவின் கடிதங்களை விரிப்போர், தந்தையார் தீயினின்றும் எடுத்துக் கொடுத்த ஏட்டை அழுத கண்ணோடு வாங்கிய அந்த இளைஞனுக்குக் கடமைப்பட்டவர்களே ஆவர்.