வெள்ளி டாலரின் தேய்மானமும் இரட்டை அச்சும்

அமெரிக்க நாணயச்சாலைகள் 1878 முதல் 1904 வரையிலும், பிறகு 1921இலும் அடித்த வெள்ளி டாலருக்கு, அதை வடிவமைத்த ஜார்ஜ் மார்கனின் பெயரே நிலைத்துவிட்டது. எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, மீதி செம்பு. ஒரு பக்கம் சுதந்திர தேவியின் தலை, மறு பக்கம் சிறகு விரித்த கழுகு. மார்கன் டாலரைக் கையில் எடுக்கும் சேகரிப்பாளர் இரண்டு விஷயங்களைத் தேடுகிறார்: நாணயம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எழுத்திலோ உருவத்திலோ இரட்டைக் கோடு தெரிகிறதா. தேய்மானம் நாணயம் வெளியே வந்த பின் பட்ட பாடு. இரட்டை அச்சோ அது பிறக்கும் முன்பே நேர்ந்த பிழை. இவை இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் வாங்கியவர்கள்தான் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள்.

நெவாடா சுரங்கங்களிலிருந்து வெள்ளி குவிந்து விலை சரிந்த காலத்தில் பிறந்த நாணயம் இது. 1878 பிப்ரவரி 28 அன்று நிறைவேறிய பிளாண்ட்-அலிசன் சட்டம், மாதந்தோறும் குறைந்தது 20 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை வாங்கி நாணயமாக்க வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்தியது. இவ்வளவு கனமான காசைச் சுமக்க மக்கள் விரும்பவில்லை. அடித்ததில் பெரும்பகுதி கருவூலத்திலேயே தங்கியது. நூறு வருடம் கடந்த நாணயம் இன்றும் புத்தம் புதிதாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

இரட்டைக் கோடு எப்படி வருகிறது என்று புரிய, அச்சு செய்யும் முறை தெரிய வேண்டும். நாணயம் அடிக்கும் அச்சில் உருவம் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தை உண்டாக்க, அதே உருவம் மேடாக உள்ள மூல அச்சை, மென்மையாக்கிய எஃகுக் கட்டையின் மேல் பெரும் விசையோடு அழுத்துவார்கள். ஒரே அழுத்தத்தில் உருவம் முழுதும் இறங்காது. அழுத்த அழுத்த எஃகு இறுகும். அதை உலையில் காய்ச்சி, ஆறவிட்டு, மூல அச்சை மறுபடி அதே இடத்தில் பொருத்தி அழுத்த வேண்டும். இப்படி இரண்டு மூன்று தடவை நடக்கும். பொருத்தும்போது மயிரிழை விலகினாலும் முதல் உருவத்தின் ஓரம் அழியாமல் நிற்க, பக்கத்திலேயே இரண்டாவது உருவம் பதிந்துவிடும். அந்த அச்சிலிருந்து விழும் ஒவ்வொரு நாணயத்திலும் அதே இரட்டைக் கோடு, அதே இடத்தில், அதே அளவில் இருக்கும். இதையே சேகரிப்பாளர்கள் ‘டபுள் டை’ என்கிறார்கள்.

மார்கன் டாலரின் முதல் வருடமே இதற்குப் பெயர்போனது. தொடக்கத்தில் கழுகின் வாலில் எட்டு இறகுகள் இருந்தன. அமெரிக்க நாணயங்களில் கழுகுக்கு ஒற்றைப்படையில்தான் வாலிறகு வைப்பது வழக்கம் என்ற ஆட்சேபம் எழுந்தது. வடிவம் ஏழு இறகாக மாறியது. நாணயங்களை அவசரமாக அடித்துக் குவிக்க வேண்டியிருந்ததால், எட்டு இறகு பதிந்த அச்சுகளைத் தூக்கிப்போட மனமில்லாமல், அவற்றின் மேலேயே ஏழு இறகு மூல அச்சை அழுத்தினார்கள். அப்படி அடித்த 1878 டாலரை லென்ஸில் பார்த்தால், ஏழு இறகுகளின் நுனிக்குக் கீழே பழைய இறகுகளின் முனைகள், புதுச்சேலைக்குக் கீழே பழைய பாவாடை ஓரம் தெரிவதுபோல எட்டிப் பார்க்கும். சில அச்சுகளில் மூன்று முனை தெரியும், சிலவற்றில் ஏழு.

நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையின் 1888ஆம் வருட டாலர் ஒன்றில் சுதந்திர தேவியின் உதடும் மூக்கும் முகவாயும் இரட்டையாகத் தெரிகின்றன. ‘ஹாட் லிப்ஸ்’ என்ற செல்லப் பெயர் பெற்ற இதை வெறுங்கண்ணாலேயே அடையாளம் காணலாம். நல்ல நிலையில் கிடைப்பது மிக அரிது. அகப்படுவதெல்லாம் பெரும்பாலும் புழங்கித் தேய்ந்தவை.

வருடத்தையும், எந்த நாணயச்சாலை என்று குறிக்கும் எழுத்தையும் அந்தக் காலத்தில் ஒவ்வொரு அச்சிலும் தனியாகக் கையால் அடித்துப் பதித்தார்கள். கை தவறி இரண்டாம் முறை அடித்த எழுத்துகளும் இரட்டையாகத் தெரியும். இவை வேறு வகை. கார்சன் சிட்டி சாலை 1893இல் நாணயம் அடிப்பதை நிறுத்தியபின், மீந்த அச்சுகள் நியூ ஆர்லியன்ஸுக்குப் போயின. ‘சிசி’ என்ற பழைய எழுத்துகளின் மேலேயே ‘ஓ’ பதித்த அந்த அச்சுகளால் அங்கே 1900இல் டாலர் அடித்தார்கள். ஒரு சாலை மூடப்பட்ட வரலாறு அந்தச் சிறு எழுத்துக்குள் கிடக்கிறது. இத்தகைய வேறுபாடுகளை லெராய் வான் ஆலன், ஜார்ஜ் மாலிஸ் இருவரும் அச்சு அச்சாகப் பட்டியலிட்டார்கள். அவர்கள் பெயர்களைச் சேர்த்து அமைந்த ‘வாம்’ எண்தான் இன்றும் சந்தையில் வழங்குகிறது.

இரட்டையாகத் தெரிவதெல்லாம் இரட்டை அச்சு என்று நினைத்துவிடக் கூடாது. இயந்திரத்தில் அச்சு சரியாக முடுக்கப்படாமல் தளர்ந்திருந்தால், அடித்து விலகும் கணத்தில் அது நகர்ந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தைச் சிராய்த்துவிடும். பத்து மடங்கு லென்ஸில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். உண்மையான இரட்டை அச்சில் இரண்டாவது உருவமும் முதலாவதைப் போலவே உருண்டு மேடாக நிற்கும். எழுத்தின் முனைகளில் பிளவு விழுந்திருக்கும். எழுத்து வழக்கத்தைவிடத் தடிக்கும். அச்சு நகர்ந்ததால் வந்ததோ படிக்கட்டு போலத் தட்டையாகவும் தாழ்வாகவும் பளபளப்பாகவும் இருக்கும். எழுத்தும் அந்த அளவுக்கு மெலியும். தேய்ந்த அச்சில் அடித்த நாணயத்தில் எழுத்துகளைச் சுற்றி மங்கலான நிழல் போல ஒன்று தெரிவதும் உண்டு. இந்த இரண்டுக்கும் கூடுதல் விலை கிடையாது. எழுத்து தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்ற ஒரே கேள்வியே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

நிலையை மதிப்பிடுவது இதைவிடப் பழகிய கண் வேண்டிய வேலை. மார்கன் டாலரில் முதலில் தேய்வது காதுக்கு மேலுள்ள தலைமுடி, கன்னம், கழுகின் மார்பு ஆகிய உயர்ந்த இடங்கள். ஆனால் நியூ ஆர்லியன்ஸ் நாணயங்கள் பல, அடிக்கும்போதே விசை போதாமல், காதுக்கு மேல் முடி எழும்பாமலே வெளிவந்தவை. சான் பிரான்சிஸ்கோவின் 1880, 1881 டாலர்களில் அதே முடி இழை இழையாக நிற்கும். சரியாக அடிபடாததையும் தேய்ந்ததையும் பிரித்துக் காட்டுவது மினுமினுப்பு மட்டுமே. அடிபடும் வேகத்தில் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை விட்டுச் செல்கிறது. விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றினால் ஒளிக்கீற்று வண்டிச் சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றிவரும். மேடான இடத்தில் அந்த ஒளி அறுபட்டுச் சாம்பல் நிறம் தட்டினால், அங்கே தேய்மானம் உண்டு.

புழங்காத நாணயத்துக்கும் வடு உண்டு. ஆயிரம் டாலரை ஒரே கித்தான் பையில் கட்டி, சுமார் 27 கிலோ மூட்டையாக இங்கும் அங்கும் தூக்கிப்போட்டதில் ஒன்றோடொன்று மோதிய காயங்கள் அவை. விரிந்து வெறுமையாகக் கிடக்கும் கன்னத்தில்தான் அவை முதலில் கண்ணில் படும்.

நிலைக்கு எண் கொடுக்கும் வழக்கம் 1949இல் வில்லியம் ஷெல்டனிடமிருந்து வந்தது. பழைய செம்புச் சென்ட்டுகளின் விலையைக் கணக்கிட அவர் 1 முதல் 70 வரை அளவு வகுத்தார். விலைக்கணக்கு சீக்கிரமே பொய்த்தது, அளவுகோல் மட்டும் எல்லா நாணயங்களுக்கும் பரவியது. 60இலிருந்து மேலே புழங்காதவை. 1986இலும் 1987இலும் தோன்றிய இரு நிறுவனங்கள், நாணயத்தைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து எண் ஒட்டித் தரத் தொடங்கின. போலியைத் தடுத்ததில் இந்த முறைக்கு நிச்சயம் பங்குண்டு. என்றாலும் 64க்கும் 65க்கும் உள்ள விலை வித்தியாசம் பல நேரம் கன்னத்திலுள்ள ஒரு கீறலைப் பொறுத்ததே. எண்ணைப் பார்த்து வாங்குகிறவரைவிட நாணயத்தைப் பார்த்து வாங்குகிறவரே தப்பிப்பார்.

எத்தனை நாணயம் அடித்தார்கள் என்ற கணக்கை வைத்து அரிதானது எது என்று சொல்லவும் முடியாது. 1918 ஏப்ரலில் நிறைவேறிய பிட்மன் சட்டப்படி 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. எந்த வருடத்து நாணயம் எத்தனை உருகியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. 1903ஆம் வருட நியூ ஆர்லியன்ஸ் டாலர் மிக அரிது என்றே பல்லாண்டு கருதப்பட்டது. 1962இல் கருவூலம் மூட்டை மூட்டையாக வெளியிட்டதும் விலை தரைக்கு வந்தது.

உருகிய டாலர்களில் ஏறத்தாழ 26 கோடியின் வெள்ளியை பிரிட்டன் வாங்கி இந்தியாவுக்கு அனுப்பியது. முதல் உலகப் போர்க்காலத்தில் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு மக்கள் நெருக்கியபோது, தட்டுப்பாட்டைத் தீர்க்க வந்த வெள்ளி அது. ஒரு டாலரின் வெள்ளியில் இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். 1918, 1919 என்று பொறித்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் தமிழ்நாட்டு வீடுகளின் பழைய பெட்டிகளில் இன்றும் கிடக்கிறது. அதற்கும் தேய்மானம், மினுமினுப்பு பற்றிய இதே விதிகள் பொருந்தும். வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல விபூதி போட்டோ, புளி போட்டோ அதைத் தேய்த்தால் நுண்வரிகள் போய்விடும். அவற்றைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. கறுத்திருந்தால் கறுத்தபடியே, விளிம்பைப் பிடித்து எடுத்து, காகித உறையில் தனியாக வைக்க வேண்டும்.