டயாப்லோ 3 விமர்சன சர்ச்சை (2012)

டயாப்லோ 3 என்பது அமெரிக்காவின் பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2012 மே 15 அன்று வெளியிட்ட கணினி விளையாட்டு ஆகும். இத்தொடரின் முதல் இரண்டு விளையாட்டுகளை உருவாக்கிய டேவிட் பிரெவிக் அதே ஆண்டு ஆகஸ்டில் மூன்றாம் பாகத்தைப் பற்றி வெளிப்படையாகக் குறை கூறினார். அதற்கு மூன்றாம் பாகத்தின் இயக்குநர் அளித்த பதில் பெரும் சர்ச்சையானது. ஒரு படைப்பு அதை உருவாக்கியவருக்கு உரியதா, அதன் உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு உரியதா என்ற பழைய கேள்வியைக் கணினி விளையாட்டுத் துறையில் இந்நிகழ்வு மீண்டும் எழுப்பியது.

பின்னணி

பிரெவிக், மாக்ஸ் ஷேஃபர், எரிக் ஷேஃபர் ஆகிய மூவரும் 1993இல் கலிபோர்னியாவில் காண்டோர் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். பிளிசார்ட் 1996இல் அதை வாங்கி, பிளிசார்ட் நார்த் என்று பெயர் மாற்றியது. பிரெவிக் இளமையில் வாழ்ந்த பகுதிக்கு அருகிலிருந்த டயாப்லோ மலையின் பெயரே விளையாட்டுக்கும் சூட்டப்பட்டது.

முதல் விளையாட்டை, வீரரும் எதிரியும் மாறி மாறி நகரும் முறையில் அமைக்கவே பிரெவிக் எண்ணியிருந்தார். நிகழ்நேரத்தில் இயங்கும்படி மாற்றுமாறு வற்புறுத்தியது பிளிசார்ட் தரப்பு. முதலில் எதிர்த்த பிரெவிக், பின்னர் தாமே அம்மாற்றத்தைச் செய்தார். தொடரின் அடையாளமாகவே ஆகிவிட்ட அந்த விரைவான ஆட்டமுறை இவ்வாறு இரு தரப்பின் இழுபறியில் பிறந்தது.

இரண்டாம் பாகம் 2000ஆம் ஆண்டு ஜூனில் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. தாய் நிறுவனமான விவெண்டியுடன் ஏற்பட்ட பிணக்கால் 2003இல் பிரெவிக், ஷேஃபர் சகோதரர்கள், பில் ரோப்பர் ஆகியோர் பதவி விலகினர். 2005இல் பிளிசார்ட் நார்த் மூடப்பட்டது. அங்கு உருவாகிக்கொண்டிருந்த மூன்றாம் பாகமும் கைவிடப்பட்டது. பின்னர் ஜே வில்சன் தலைமையிலான புதிய குழு அதை வேறு வடிவில் உருவாக்கி, 2008இல் பாரிஸ் நகரில் அறிவித்தது.

வெளியீடும் அதிருப்தியும்

வெளியான முதல் 24 மணி நேரத்தில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன. ஆயினும் தனியாக விளையாடுவதற்கும் இணைய இணைப்பு கட்டாயம் என்பதால், வழங்கிகள் நெரிசலில் திணறின. "பிழை 37" என்ற அறிவிப்பையே பலரும் திரையில் கண்டனர்.

இதைவிட ஆழமான குறை ஏல மன்றம். இரண்டாம் பாகத்தின் அரிய ஆயுதங்களும் கவசங்களும் வெளித் தளங்களில் பணத்துக்கு விற்கப்பட்டு, மோசடிகள் மலிந்திருந்தன. பாதுகாப்பான வணிகத்துக்கு விளையாட்டுக்குள்ளேயே பிளிசார்ட் வழி செய்தது. ஆனால் அரக்கர்களை வீழ்த்தி நல்ல பொருள் கிடைக்குமா என்று காத்திருப்பதே இத்தொடரின் ஈர்ப்பு. அப்பொருளை ஏலத்தில் எளிதாக வாங்க முடிந்தபோது வேட்டையின் சுவை குன்றியது.

விமர்சனமும் பதிலும்

2012 ஆகஸ்டில் அளித்த நேர்காணல் ஒன்றில், மூன்றாம் பாகத்தின் சில முடிவுகளைத் தாம் எடுத்திருக்கமாட்டேன் என்று பிரெவிக் கூறினார். இரசிகர்கள் மகிழ்ச்சியாக இல்லாதது வருத்தம் தருகிறது என்றார். அதேவேளை, பழைய குழுவினரின் பங்கு எத்தகையது என்பதை இது காட்டுவதாகவும் சொன்னார்.

புதிய குழுவினர் சிலர் இதனால் புண்பட்டனர். முகநூலில் நடந்த உரையாடலில் வில்சன் பிரெவிக்கை வசைச்சொல்லால் இழிவுபடுத்தினார். அது பரவியதும் கண்டனம் எழுந்தது. வில்சன் பொதுவில் மன்னிப்புக் கேட்டார்.

பிரெவிக்கும் முற்றிலும் வெளியாள் அல்லர். அப்போது அவர் இதே வகையைச் சேர்ந்த மார்வெல் ஹீரோஸ் என்ற விளையாட்டை உருவாக்கிவந்தார். ஷேஃபர் சகோதரர்களின் ரூனிக் நிறுவனம் டார்ச்லைட் 2 விளையாட்டை அடுத்த மாதம் வெளியிட இருந்தது. முன்னாள் படைப்பாளிகள் போட்டியாளர்களாகவும் இருந்ததால், விமர்சனத்தில் அக்கறை எவ்வளவு, தொழில்நலன் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

விளைவுகள்

2013 ஜனவரியில் வில்சன் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு மார்ச்சில் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் பேசுகையில், ஏல மன்றங்கள் விளையாட்டைப் பாதித்தன என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அடுத்து வந்த ஜோஷ் மொஸ்கேரா தலைமையில், பொருள்கள் கிடைக்கும் முறை திருத்தி அமைக்கப்பட்டது. 2014 மார்ச் 18 அன்று ஏல மன்றம் மூடப்பட்டது. ஒரு வாரம் கழித்து வெளியான ரீப்பர் ஆஃப் சோல்ஸ் விரிவாக்கம் நல்ல வரவேற்பைப் பெற்றது.

மதிப்பீடு

பிரெவிக்கின் பேச்சால் இம்மாற்றங்கள் நிகழ்ந்தன என்று கூற இயலாது. அவர் பேசும் முன்பே வீரர்களின் எதிர்ப்பு வலுத்திருந்தது. விளையாட்டைச் சீர்செய்ததும் அவர் குறைகூறிய அதே நிறுவனந்தான். ஆயினும் பழைய குழு அறிந்திருந்த ஒன்றைப் புதிய குழு பட்டே அறிந்துகொண்டது: பெயரையும் உரிமையையும் விலைக்கு வாங்கலாம், ஒரு விளையாட்டு ஏன் சுவைக்கிறது என்ற அறிவு ஒப்பந்தத்தோடு கைமாறுவதில்லை. எனினும் அவ்வறிவு முன்னோரின் தனிச்சொத்தும் அன்று. முதல் டயாப்லோவின் ஆட்டமுறையே பிறர் சொல் கேட்டு மாறியதுதான்.