விரல் அறிந்த ஆட்டம்

தொலைக்காட்சிப் பெட்டியோடு பிணைத்து ஆடிய பழைய ஆட்டங்கள் கைப்பேசியில் மறுபிறவி எடுத்தபோது, அவற்றை நேசித்தவர்கள் எங்ஙனம் வரவேற்றனர் என்பது ஆராயத்தக்கது. 1991-இல் வெளிவந்த 'சோனிக்' முதலியவற்றைச் சேகா நிறுவனம் 2017-இல் கைப்பேசிக்கு இலவசமாகவே தந்தது. மகிழ்ச்சியை விட முறையீடே மிகுந்தது. படம் தயங்குகிறது என்றனர். இடையில் விளம்பரம் என்றனர். கண்ணாடிமேல் விரலுக்குப் பிடி இல்லை என்றனர்.

கடைசிக் குறையே பெரிதென்பேன். தைவானிய 'மைக்ரோ ஜீனியஸ்' பெட்டியில் ஆடி வளர்ந்த ஈப்போக்காரரைக் கேளுங்கள். பொத்தான் இருக்குமிடம் அவர் கட்டைவிரலுக்குத் தெரியும், கண் வேண்டியதில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளின் விரலுக்கும் இத்தகைய அறிவு இருந்தது. 1877-இல் கோலகங்சாரில் நட்ட நாற்றுகளோடு பேராக்கில் தொடங்கியது இரப்பர் மரத்தின் வரலாறு. அதன் கொட்டைகள் இரண்டை உள்ளங்கைகளுக்கிடையே வைத்து நெரிப்பார்கள்; உடையாதது வென்றது. தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அவ்வாட்டத்தைக் கைப்பேசிக்குள் எப்படி அடைப்பது?

பல்லாங்குழி அடைபட்டுவிட்டது, அதன் மலாய் உறவான சொங்காக்கும் அப்படியே. காய்களை எண்ணும் வேலையை இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. முன்போ, அள்ளிய காய்கள் எந்தக் குழியில் போய் முடியும் என்று கைக்கனமே பாட்டிமாருக்குச் சொல்லிவிடும்.