சாயம் போன சட்டை

மேல்மலையனூரிலும் செஞ்சியிலும் நாம் உடுத்தும் கைலியின் கட்டங்கள் கடல் கடந்தவை. 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரைத் துணிகளைக் கீழை நாடுகளுக்கு ஏற்றினர்.

1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வணிகர், கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் சென்னைக் கட்டத் துணியை வாங்கினார். குளிர்நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை புரூக்ஸ் பிரதர்ஸ் கடையின் வாடிக்கையாளரை எட்டவில்லை. சலவையில் சாயம் ஒழுகிற்று. வழக்கு மிரட்டலும் எழுந்தது.

பின்னர் 'செவன்டீன்' இதழ் அத்துணியைப் புகழ்ந்தெழுதியது. விளம்பரமோ, சாயம் போகுமென்று உறுதியே அளித்தது! குறையைச் சொல்லி விற்பது நம் மார்க்கம் கற்பித்த வாணிபம். அங்கே குறையே சரக்காயிற்று. அமெரிக்க இளைஞர்கள் விரும்பி வாங்கினர்.

நம் ஊரிலோ, முதல் துவைப்பில் சாயம் போன கைலி கடைக்கே திரும்பும்.