மருந்தடிப்பு நஞ்சேற்றம் (மலையகம்)

இலங்கையின் நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தெளிக்கப்படும் களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லிகளால் மனித உடலுக்கு நேரும் கேடு. நஞ்சு தோல், மூச்சு, வாய் வழியாக உட்புகும். முதுகில் சுமக்கும் தெளிப்பான் கசிவதாலும் காற்றுக்கு எதிராகத் தெளிப்பதாலும் மருந்தடிப்போருக்கே ஆபத்து மிகுதி. மேற்சரிவில் கழுவுண்ட மருந்து லயங்களின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பீலி நீரிலும் கலக்கக்கூடும்.

கரிம பாஸ்பரஸ் சேர்மங்கள் அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் நொதியை முடக்குவதால் வியர்வை, எச்சிற்பெருக்கு, கண்மணிச் சுருக்கம், மூச்சுத்திணறல் தோன்றும், முறிமருந்தாக அட்ரோபின் செலுத்தப்படும். களைக்கொல்லியான பராகுவாட்டை விழுங்கினால் நுரையீரல் தழும்பேறி இறுகும், முறிமருந்து இல்லை.

கரிம பாஸ்பரஸ் சேர்மங்களான மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் 1995இல் தடைசெய்யப்பட்டன. பராகுவாட் 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டது. இந்நஞ்சுகளை விழுங்குவது தற்கொலைக்கு வழியாகவும் இருந்ததால், இத்தகைய தடைகளுக்குப் பின் நாட்டில் தற்கொலை இறப்புகள் பெரிதும் குறைந்தன. இலங்கைப் பொதுச் சுகாதாரத்தின் தெளிவான வெற்றிகளுள் இதுவும் ஒன்று. கிளைபொசேட் எனும் களைக்கொல்லியின் தடை (2015) அத்தனை தெளிவானதன்று. அதற்குக் காரணமாகக் காட்டப்பட்ட சிறுநீரக நோய் முதன்மையாக வடமத்திய உலர் வலயத்துக்குரியது. நோய்க்கும் கிளைபொசேட்டுக்குமான தொடர்பும் உறுதிப்படவில்லை. தேயிலை, இறப்பர்ப் பயிர்களுக்கு 2018இல் தடை தளர்த்தப்பட்டது.